‘எங்கள் ஊரில் சொந்தமாகப் பாட்டு கட்டிப் பாடும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கையில் பெரிய காசில்லாத ரசிகன் அவர்களுக்கு என்ன செய்யலாம்?’ என்று கேட்கிறீர்கள்.

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் மைக் செட் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று வண்டி போகும். முளைக்கொட்டு என்கிற முளைப்பாரித் திருவிழா, சர்ச் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் பாக்ஸ் கட்டுகிறவன். அதனால் என் பதில் மேடையைச் சுற்றித்தான் இருக்கும். செல்போன் ஆப் பற்றி எனக்குத் தெரிந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

பாட்டுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை இந்தக் கரையில் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். தலைக்கட்டு வரி போட்டு வசூல் செய்கிறோம், வெளிநாட்டில் இருக்கிறவர்களிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குகிறோம், அதில் ஒரு பெரும்பகுதியை ராத்திரி கச்சேரிக்குக் கொடுக்கிறோம். அது போகும் இடம்தான் பிரச்சினை. வெளியூர் ஆர்க்கெஸ்ட்ரா வந்து, டிவியில் நூறு தடவை கேட்ட சினிமாப் பாட்டையே பாடிவிட்டுப் போகிறது. அவர்களைக் குறை சொல்லவில்லை, அது அவர்கள் தொழில், கேட்கிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சின்னத் துண்டு உள்ளூர்ப் பையன்கள் பக்கம் திரும்பினாலே போதும். யூடியூபில் வருஷம் முழுக்க லைக் போட்டாலும் அந்த அளவு காசு அவர்கள் கைக்கு வராது.

இந்த மண்ணுக்கு அந்தப் பழக்கம் பழசு. ‘பூச்சி’ ஸ்ரீனிவாச ஐயங்கார் (1860–1919), கர்நாடக சங்கீத மேதை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கே குருவாக இருந்தவர். தானே கீர்த்தனை எழுதிப் பாடிய வித்வான். அவரை ஆதரித்தது ராமநாதபுரம் சமஸ்தானம். 1925இல் ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவை எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் அவர் பாடியது கொஞ்சம்தான். கல்யாண வீடும் மீலாது மேடையும் கட்சி மேடையும்தான் அவரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இப்போது சமஸ்தானம் இல்லை. அந்த நாற்காலியில் விழாக் கமிட்டி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு மாமாவோ அதில் கட்டாயம் ஒரு மெம்பராக இருப்பார்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி, கமிட்டிக் கூட்டத்தில் வாயைத் திறப்பது. ‘நம்ம பயலுக்கும் ஒரு சான்ஸ் குடுங்க’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். கேட்டால் சரி என்பார்கள், கடைசியில் தள்ளிவிடுவார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சவுண்ட் மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது. தனி அனுமதி வாங்கியிருந்தால் வேறு விஷயம். மற்றபடி பத்தாகிவிட்டால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து நிற்பார். நம் ஊர் நிகழ்ச்சியோ ஏழு மணி என்று நோட்டீஸில் போட்டால் எட்டேகாலுக்குத் தொடங்கும். பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நன்கொடை கொடுத்தவர் பெயர் வாசிப்பு. அடுத்து ஆர்க்கெஸ்ட்ரா. ‘ஊர்ப் பயதானே, கடைசியில ரெண்டு பாட்டு பாடிக்கிடட்டும்’ என்று நிறுத்திவைத்த பையன் மைக்கைத் தொடும்போது மணி ஒன்பது ஐம்பத்தைந்து. முதல் சரணத்தில் நானே ஃபேடரை இறக்கிச் சத்தத்தை நிறுத்த வேண்டிவரும். அவன் என் முகத்தைப் பார்ப்பான், நான் போலீஸ்காரர் முகத்தைப் பார்ப்பேன்.

அதனால் கேட்கும்போது நேரத்தோடு கேளுங்கள். ‘எட்டரைக்கு அவனுக்கு இருபது நிமிஷம், நோட்டீஸில் பெயர் போடணும்.’ இவ்வளவுதான். எட்டரை மணிக்குப் பெண்கள் இருப்பார்கள், குழந்தைகள் தூங்கியிருக்காது, சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் அப்போதுதான் வந்து உட்காரும். நோட்டீஸில் பெயர் அச்சாகிவிட்டால் கமிட்டியும் பின்வாங்க முடியாது.

மேடையில் சொந்தப் பாட்டு எடுபடுமா என்று கேட்பீர்கள். தங்கச்சிமடம் பக்கம் ஒரு திருவிழா மேடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாடியவன் பகலில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன். கூட ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், அந்தக் கீபோர்டைவிடப் பழைய ஒரு கிட்டார். முதலில் கூட்டத்துக்குத் தெரிந்த சினிமாப் பாட்டு இரண்டு பாடினான். இரண்டாவது முடிந்த கையோடு, தாளத்தை நிறுத்தாமல், ‘அடுத்து எங்க பாட்டு’ என்றுகூடச் சொல்லாமல் அவன் எழுதியதைத் தொடங்கிவிட்டான். இழுவை மடி (இழுவை வலை) படகில் முதல் தடவை போய்விட்டு வாந்தி எடுத்த பையனைக் கிண்டலடிக்கிற பாட்டு. முன்வரிசைச் சிறுசுகள் பாட்டு யாருடையது என்று கேட்டுவிட்டா ஆடும்? ஆடிவிட்டது. மூன்றாவது வரியில் ஆண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. அவர்கள் எல்லோருமே ஒருநாள் அந்தப் படகில் வாந்தி எடுத்தவர்கள். முடித்த பிறகுதான், ‘நான்தான் எழுதினேன், இந்தத் தெருதான்’ என்றான். அந்த வரிசை சரியான வரிசை. புதுசாகப் பாடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ‘இப்போது என் சொந்தப் பாடல்’ என்று முன்னுரை வைத்தால் கூட்டம் டீ குடிக்க எழுந்துவிடும்.

அடுத்தது காசு. ‘ஊர்ப் பையன், ஊர்க் காரியம்’ என்று பொன்னாடை போர்த்தி அனுப்புவதைப் போல ஒரு கொடுமை இல்லை. என் வீட்டிலேயே நாலு பொன்னாடை கிடக்கிறது, துடைக்கக்கூட ஆகாது. பாடுகிறவர்களில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள், கம்பெனியில் நிற்கிறவர்கள். ஒத்திகைக்கும் நிகழ்ச்சிக்குமாக அவர்களுக்குப் போகிற நாள் கூலியாவது கொடுக்க வேண்டும், ஆள் ஒருவருக்கு. சில குழுக்கள் வாங்குவதைக் கடல் கணக்கிலேயே பிரிக்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் பங்கு வைக்கிற மாதிரி கீபோர்டுக்கு ஒரு பங்கு. அது ரிப்பேர் செலவுக்கு. அட்வான்ஸ் கையில் கொடுத்தால்தான் பேச்சு உறுதி என்று அவர்களும் நினைப்பார்கள், கமிட்டியும் நினைக்கும். கமிட்டியால் முடியவில்லை என்றால் உங்கள் வீட்டு விசேஷம் இருக்கிறது. காதுகுத்துக்கு டிஜேவுக்குக் கொடுக்கிறதில் பாதி போதும். இன்னொன்று, மேடையின் முன்பக்கம் ஒரு கியூஆர் கோடு அட்டையை ஒட்டச் சொல்லுங்கள். ஐம்பதும் நூறுமாக விழும். கொடுத்தவர் பெயரை மைக்கில் சொன்னால் இன்னும் விழும். நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா!

தேதி பார்க்கும்போது கடல் கணக்கையும் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கும், பையன்கள் ஊரில் இருப்பார்கள், ஒத்திகைக்கு நேரம் உண்டு, ஆனால் யார் கையிலும் காசு இருக்காது. அந்த மாதங்களில் அவர்களை ஓசியில் பாடக் கூப்பிடுவது பாவம். பாட்டைப் பதிவு செய்ய உதவுங்கள், அதற்குத்தான் அது நல்ல காலம்.

பதிவு என்றதும் சென்னை, மதுரை ஸ்டுடியோ என்று ஓட வேண்டாம். குரலை மட்டும் ஊரிலேயே எடுக்கலாம். இங்கே எதிரி காற்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாம்பனில் வெட்டவெளியில் போனை வைத்து எடுத்தால் கேட்பது பாட்டு இல்லை, ‘பொர்ர்’ என்று ஒரு சத்தம். வீட்டின் நடு அறை, ஜன்னல் சாத்தி, சுவரில் போர்வை தொங்கவிட்டு, மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து, ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள். வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. அப்படி ஓர் அறையையும் இரண்டு மணி நேர அமைதியையும் கொடுப்பதே பெரிய உபகாரம். டிவியை அணைக்கச் சொல்லி அத்தையைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆப் பக்கம். யூடியூபில் விளம்பர வருமானம் தொடங்க 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும், அதோடு கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் வழியென்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் ஆயிரம் தடவையாவது ஓடினால்தான் அந்தப் பாட்டுக்கு ஒரு பைசாவாவது கணக்கில் ஏறும். பெரிய பாடகருக்கு இது ஒரு நிமிஷக் கணக்கு, நம் பையனுக்கு மலை. ஊரில் நூறு பேர் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை உண்மையாகக் கேட்டால் தாண்டிவிடும். ஆர்வக்கோளாறில் சத்தத்தைக் குறைத்து ராத்திரி முழுக்க ஓடவிடாதீர்கள். போலிக் கேட்பு என்று பிடித்தால் தண்டனை பாடியவனுக்குத்தான்.

பாட்டை டவுன்லோடு செய்து ஸ்டேட்டஸில் வைப்பது உதவி மாதிரித் தெரியும். அதில் பார்வைக் கணக்கும் ஏறாது, பெயரும் போகாது. நாலு கை மாறினால் பாட்டு அநாதையாகிவிடும். லிங்க் அனுப்புங்கள், கூடவே பாடியவர், எழுதியவர், ஊர் மூன்றையும் ஒரு வரியில் போடுங்கள். சினிமாப் பாட்டை அவர்கள் கவர் பாடிப் போட்டால் பாராட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் யூடியூபின் கன்டென்ட் ஐடி அதைக் கண்டுபிடித்து, வருகிற விளம்பரக் காசைப் பெரும்பாலும் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கே அனுப்பிவிடும். நீங்கள் சொந்தப் பாட்டைக் கேட்டால்தான் அவன் வீட்டுக்கு வரும்.

எழுதுகிறவர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பாடியவன் படம் தம்ப்நெயிலில் இருக்கும். வரி எழுதியது அவன் அக்காவாக இருக்கும், பெயர் எங்கும் இருக்காது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாடலாசிரியருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு என்பதை உறுதியாக்கினார்கள். வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக்கொடுத்துவிட முடியாது. அவர்களுக்காக வசூலிக்கிற ஐபிஆர்எஸ் சங்கம் 1969லிருந்து இருக்கிறது. யாராவது ஒரு கம்பெனி ‘மொத்தமா எங்களுக்கே’ என்று பேப்பர் நீட்டினால், படித்த பிள்ளை நீங்கள் கூட உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள்.

இதில் எனக்கு ஒரு தனி வருத்தம் உண்டு. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டைக் கிழவர்களிடமும், முளைப்பாரிக் கும்மிப் பாட்டைப் பாட்டிமார்களிடமும் பதிவு செய்து, பீட் சேர்த்துப் போடுகிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, நானே பெரிய பாக்ஸில் போட்டு ரசிக்கிறேன். ஆனால் கீழே ‘பாரம்பரியப் பாடல்’ என்று ஒரே வார்த்தை. பாடிக்கொடுத்த கிழவியின் பெயரைப் போட்டால் விரல் தேய்ந்துவிடாது. வந்த காசில் ஒரு சேலையாவது வாங்கிக்கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் பையன்தானே, நீங்கள் சொன்னால் கேட்பான்.

பாம்பனில் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி 90.4இல் 2016 முதல் ஒலிக்கிறது. மீனவர்களுக்கென்றே ஏற்பட்டது, வானிலையும் கடல் செய்தியும் சொல்வது. படகிலும் கேட்பார்கள். அப்படிப்பட்ட இடத்துக்குப் பாட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேட்கச் சொல்லுங்கள். கூச்சப்படுகிறார்கள் என்றால் நீங்கள் கூடப் போங்கள்.

கடைசியாக எங்களைப் போன்ற மைக் செட்காரர்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விழா ராத்திரிதான், ஆனால் சாயந்திரம் நாலு மணியிலிருந்து பென்டிரைவில் பாட்டு ஓடும். மூன்று தெருவுக்குக் கேட்கும், யாரும் ஸ்கிப் செய்ய முடியாது. அதில் சாமி பாட்டு முடிந்து பொதுப் பாட்டு ஆரம்பிக்கிற நேரத்தில் உங்கள் பையன் பாட்டைச் சேர்க்கச் சொன்னால், எனக்குத் தெரிந்த எந்த செட்காரரும் மறுக்கமாட்டார். ஸ்டேட்டஸ் வீடியோவிலிருந்து உருவின பாட்டைக் கொண்டுவராதீர்கள், பெரிய பாக்ஸில் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கும். பதிவு செய்த இடத்திலிருந்தே வேவ் ஃபைலோ 320 எம்பி3யோ வாங்கி, ஃபைல் பெயரிலேயே பாடியவர் பெயரையும் ஊரையும் எழுதி, பென்டிரைவில் மூன்று மணிக்கு முன்னால் கொடுங்கள். மூன்றுக்குமேல் வந்தால் நான் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருப்பேன், பேச முடியாது.