பழைய ஆங்கிலேய மாளிகையில் ஒரு வீடு: வாங்கலாமா?

கேள்வி: லெஸ்டரில் வாடகை வீட்டில் இருக்கும் நாங்கள் இருவரும் ஓய்வுக்காலத்துக்கு ஒரு வீடு தேடி வருகிறோம். நார்த்தாம்ப்டன்ஷயரில், 18ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்றைப் பிரித்து அமைத்த பதினான்கு வீடுகளில், முதல் மாடியில் இரண்டு படுக்கையறைகள் கொண்ட ஒன்று 4,25,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. உயரமான கூரை, சலவைக்கல் கணப்பு, இருபது ஏக்கர் பூங்கா என்று விளம்பரம் சொல்கிறது. கட்டடம், சட்டப் பாதுகாப்புப் பெற்ற வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் 'கிரேடு டூ ஸ்டார்' தரத்தில் உள்ளது. குத்தகை 1986 முதல் 125 ஆண்டுகள். பொதுப் பராமரிப்புக்கான சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 7,200 பவுண்டு. அந்தப் பணத்துக்கு ஊருக்குள் தோட்டத்தோடு தனி வீடே கிடைக்கும் என்கிறான் மகன். என் மனைவிக்கோ அந்தப் பெரிய ஜன்னலை விட்டு வர மனமில்லை. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் ஜன்னலைப் பார்த்துவிட்டீர்கள், இனிக் கூரையைப் பற்றிய காகிதங்களைப் பார்க்க வேண்டும். இத்தகைய மாளிகையில் உங்களுக்கு விற்கப்படுவது நான்கு அறைகள் மட்டுமல்ல. கூரை, புகைபோக்கிகள், வெளிச்சுவர், நீண்ட வண்டிப்பாதை, கழிவுநீர்த் தொட்டி ஆகிய அனைத்தையும் பராமரிக்கும் செலவில் பதினான்கில் ஒரு பங்கும் அவற்றோடு சேர்த்தே விற்கப்படுகிறது. விளம்பரத்தில் முன்னது மட்டும் படமாக வரும்.

முதலில் குத்தகை. இப்படிப்பட்ட வீட்டை வாங்குவது என்றால், நிலம் வேறொருவரிடம் இருக்க, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வீட்டை வைத்திருக்கும் உரிமையை வாங்குவதுதான். 1986இல் தொடங்கிய 125 ஆண்டுக் குத்தகை 2111இல் முடிகிறது. 2031இல் அதன் எஞ்சிய காலம் எண்பது ஆண்டுகளுக்குக் கீழே இறங்கிவிடும். அந்த எண்பது முக்கியமான கோடு. அதற்குக் கீழே போனபின் குத்தகையை நீட்டிக்கக் கேட்டால், நீட்டிப்பால் வீட்டின் மதிப்பில் ஏற்படும் உயர்வில் பாதியை நில உரிமையாளருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. 2024ஆம் ஆண்டின் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் அந்தக் கூடுதல் தொகையை நீக்குகிறது, நீட்டிப்பையும் 990 ஆண்டுகளாக உயர்த்துகிறது; ஆனால் இதை எழுதும் வரை அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. நடைமுறைக்கு வந்துவிட்ட ஒரு பிரிவு உங்களுக்கு உதவும்: நீட்டிப்புக் கோர இரண்டு ஆண்டுகள் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2025 ஜனவரி 31 முதல் இல்லை. ஆகவே நீட்டிப்புக்கு என்ன செலவாகும் என்பதை இப்போதே மதிப்பிட்டு, அதை விலைபேசும்போது மேசைமேல் வையுங்கள்.

நிலத்தின் முழு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். குடியிருப்பவர்களே சேர்ந்து அமைத்த கம்பெனியிடம் அது இருக்குமானால் உங்களுக்கும் அதில் ஒரு பங்கு வரும். நீட்டிப்பும் பெரும்பாலும் சொற்பச் செலவில் முடியும். அந்தக் கம்பெனி தாக்கல் செய்யும் கணக்குகளை, கம்பெனிகளின் அரசுப் பதிவகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். வீடு வாங்கும் சட்ட வேலைகளைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டருக்குக் காத்திராமல் இன்றிரவே பாருங்கள்.

இனி அந்த 7,200 பவுண்டு. தொகை பெரியது என்று மலைப்பதைவிட, அது போதுமா என்று கேட்பதே சரி. என்னைக் கேட்டால், இத்தகைய மாளிகையில் சேவைக் கட்டணம் குறைவாக இருந்தால்தான் பயப்பட வேண்டும். 18ஆம் நூற்றாண்டு மாளிகைகள் பலவற்றில் கூரை கீழிருந்து தெரிவதில்லை. கைப்பிடிச்சுவருக்குப் பின்னே மறைந்திருக்கும். சரிவான கூரைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஈயத் தகடு வேய்ந்த வாய்க்கால் ஓடும். அதில் இலை அடைத்தால் மழைநீர் வெளியே வழியாமல் சுவருக்குள் இறங்கும். உத்தரத்தின் நுனி சுவருக்குள் நனைந்துகொண்டே இருக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சை அங்கேதான் தொடங்கும். மழை பெய்த மறுநாள் போய், மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் சுவரில் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்தளத்தின் பொது நடையில் காளான் வாடை அடித்தால், அது பழைய வீட்டின் மணம் என்று முகவர் சொல்வதை நம்பாதீர்கள்.

கூரை ஈயத்தை முழுவதும் மாற்ற ஆறு லட்சம் பவுண்டு ஆகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். சமமாகப் பிரித்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 42,900 பவுண்டு வரும். பழுதுபார்ப்பு வேலைக்கு 20 சதவீத வாட் வரியும் உண்டு. பட்டியலிடப்பட்ட கட்டடத்துக்கு இதில் சலுகை கிடையாது. அனுமதி பெற்ற மாற்றங்களுக்கு மட்டும் இருந்த பழைய விலக்கும் 2012 அக்டோபர் 1 முதல் போய்விட்டது. ஆகவே விற்பவரிடமிருந்து மூன்று ஆண்டுக் கணக்குகள், பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்துவைத்த சேமநிதியின் இருப்பு, அடுத்த பத்தாண்டு பராமரிப்புத் திட்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஒருவருக்கு 250 பவுண்டுக்கு மேல் வரக்கூடிய எந்த வேலைக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு வந்திருக்கிறதா என்பதையும், குடியிருப்போர் கூட்டக் குறிப்புகளில் 'கூரை' என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்பதையும் பாருங்கள். அறிவிப்பு வந்திருந்தால், அந்தச் செலவை விற்பவர் ஏற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, ஒரு தொகையைச் சொலிசிட்டரிடம் நிறுத்திவைக்கும்படி கேட்கலாம்.

மாளிகையை எப்படிப் பிரித்தார்கள் என்பதும் முக்கியம். 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இடிக்கப்பட்ட மாளிகைகளைப் பற்றி நடந்த கண்காட்சிக்குப் பின், அவற்றைக் காப்பாற்ற வழி தேடியவர்களுள் கிட் மார்ட்டின் ஒருவர். நார்ஃபோக்கின் கன்டன், ரட்லண்டின் பர்லி ஆன் த ஹில் போன்ற இடங்களில் அவர் மாளிகையைக் கேக் வெட்டுவது போல மேலிருந்து கீழாகப் பிரித்தார். பெரிய கூடங்கள் சிதையாமல் நின்றன, ஒவ்வொரு பகுதிக்கும் தன் கூரையும் தன் வாசலும் கிடைத்தன. உங்களுடையது தளம் தளமாகப் பிரித்தது. அந்த முறையில் மேல்வீட்டுக்காரரின் காலடி உங்கள் சுதைக் கூரைக்கு மேலே விழும்.

வீட்டைப் பார்க்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். நான் பார்க்கப் போன ஒரு மாளிகை வீட்டின் படுக்கையறையில், சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடிய சுதைப் பூவேலை மூன்று பக்கம் அழகாக வந்து, நான்காம் பக்கத்தில் பாதி இலையோடு சுவருக்குள் மறைந்துவிட்டது. ஒரு பெரிய கூடத்தைப் பிற்காலத்தில் குறுக்கே தடுத்த சுவர் அது. மீதிப் பூ பக்கத்து வீட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட சுவரில் காதை வைத்தால் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் செய்தியை நீங்களும் கேட்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய்க் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தீப்பாதுகாப்பும் அந்தச் சுவர்களைப் பொறுத்ததே. பழைய மாளிகையில் பலகைச் சுவருக்குப் பின்னும் தளத்துக்கு அடியிலும் வெற்றிடங்கள் இருக்கும். 2015 ஏப்ரலில் சரே மாவட்டத்தின் கிளாண்டன் பார்க் மாளிகையின் அடித்தளத்தில் ஒரு மின்பலகையில் தொடங்கிய தீ, அத்தகைய வெற்றிடங்களின் வழியே ஏறி, சில மணிநேரத்தில் கட்டடத்தை வெறும் சுவர்களாக்கிவிட்டது. பொதுப் பகுதிகளுக்கான தீ அபாய மதிப்பீட்டு அறிக்கை இருப்பது சட்டக் கட்டாயம். அதன் தேதியையும், அதில் சொன்ன வேலைகள் முடிந்தனவா என்பதையும் கேளுங்கள். கட்டடக் காப்பீட்டைப் பொறுத்தவரை, மறுபடி கட்டும் செலவு சந்தை விலையைவிடப் பல மடங்கு இருக்கக்கூடும் என்பதால், காப்பீட்டு மதிப்பை அண்மையில் ஒரு சர்வேயர் கணக்கிட்டிருக்கிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

கழிவுநீர் பொதுச் சாக்கடைக்குப் போகிறதா, சொந்தத் தொட்டிக்கா? செப்டிக் டேங்கிலிருந்து நேரே ஓடைக்கு விடுவது 2020 ஜனவரி 1 முதல் கூடாது. கூரையில் வௌவால் தங்கினால், அவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை என்பதால், கூரை வேலையின் காலமும் செலவும் கூடும். வெப்பமூட்டல் எண்ணெயிலா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்வேயரை நியமிக்கும்போது மிக விரிவான 'லெவல் த்ரீ' ஆய்வையே கேளுங்கள். அதிலும், சுண்ணாம்புச் சாந்துக்கும் சிமெண்டுக்கும் வித்தியாசம் அறிந்த, பழங்கட்டடப் பயிற்சி பெற்றவரையே தேடுங்கள். வழக்கமான ஆய்வு உங்கள் வீட்டோடு நின்றுவிடும். கூரைக்கும் ஏறிப் பார்க்க நிர்வாகத்திடம் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். அனுமதி மறுத்தால் அதுவே ஒரு பதில். கணக்கும் கூரையும் தேறினால் உங்கள் மனைவியின் பக்கம் நில்லுங்கள். சேமநிதி காலியாக இருந்தால் மகன் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: பாத் நகருக்கு அருகே இப்படியொரு மாளிகையில் ஒரு வீட்டை ஐந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். முந்தைய உரிமையாளர் அடுக்களைச் சுவரை இடித்து, இரண்டு மர ஜன்னல்களைப் பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றியிருக்கிறார். இப்போது விற்கப் போனால், வாங்குபவரின் சொலிசிட்டர் அனுமதிக் கடிதம் கேட்கிறார். நாங்கள் செய்யாத வேலைக்கு நாங்களா பொறுப்பு?

பதில்: குற்றம் அவருடையது, சரிசெய்யும் பொறுப்பு உங்களுடையது. பட்டியலிடப்பட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றுவது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறையோ, வரம்பில்லாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஆனால் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி உள்ளூராட்சி மன்றம் அனுப்பும் உத்தரவு அது வரும் நாளில் யார் உரிமையாளரோ அவருக்கே வரும்; அதற்குக் கால வரம்பும் இல்லை. முகப்பு மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது, உள்ளே என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தத் தரமானாலும் பொதுவாக உள்ளும் புறமும் சேர்ந்தே பாதுகாக்கப்படுகின்றன.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அனுமதியில்லாத இந்த வேலையால் பின்னால் நஷ்டம் வந்தால் ஈடுகட்டும் ஒரு காப்பீட்டுப் பத்திரத்தை வாங்குபவருக்காக எடுத்துக் கொடுப்பது. அந்த வழியென்றால் அதற்கு முன் மன்றத்துக்குத் தொலைபேசியில் கூடப் பேசிவிடாதீர்கள். பேசிவிட்டால் பெரும்பாலும் காப்பீடு தர மாட்டார்கள். மற்றொன்று, வேலை முடிந்த பின்னும் அனுமதி கேட்டு விண்ணப்பிப்பது. விண்ணப்பக் கட்டணம் இல்லை. இடித்தது பிற்காலத் தடுப்புச் சுவராக இருந்தால் அனுமதி கிடைக்க வாய்ப்புண்டு. பிளாஸ்டிக் ஜன்னலுக்கு நம்பிக்கை வைக்காதீர்கள்; மரத்தில் மறுபடி செய்து, உட்புறத்தில் தனியாக இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்துவதே நடக்கக்கூடியது. குத்தகைப் பத்திரத்தில் ஜன்னல் யாருடையது என்றும் பாருங்கள். பல இடங்களில் அது நில உரிமையாளருடையது, அவருடைய சம்மதமும் தனியாக வேண்டும்.

கேள்வி: குராய்டனில் வாடகைக்கு இருக்கிறேன், வேறொரு மாளிகையில் 4,00,000 பவுண்டுக்கு வீடு பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் அப்பா விட்டுச்சென்ற வீட்டில் எனக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. அப்பா தவறி ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இங்கே எனக்கு இது முதல் வீடு. ஸ்டாம்ப் டியூட்டி 5,000 பவுண்டுதான் என்று முகவர் சொல்வது சரியா?

பதில்: யாழ்ப்பாண வீட்டைப் பற்றி முகவரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். முதல் வீட்டுச் சலுகை, உலகில் எங்கும் எப்போதும் வீடு வைத்திராதவர்களுக்கே. வாரிசாக வந்த பங்கும் கணக்கில் சேரும். எனவே வழக்கமான வரி 10,000 பவுண்டு. அதற்கு மேல், உங்கள் பாதிப் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ இருந்தால், கூடுதல் வீட்டுக்கான 5 சதவீதமும் சேரும். மொத்தம் 30,000 பவுண்டு. வாரிசாக வந்து மூன்று ஆண்டுகள் ஆகாத, பாதிக்கு மேற்படாத பங்கை இந்தக் கூடுதல் வரிக்குக் கணக்கில் எடுப்பதில்லை; உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. வாங்கும் நாளுக்கு முன் உங்கள் பங்கைத் தம்பிக்கு முறைப்படி எழுதிக்கொடுத்துவிட்டால் கூடுதல் 20,000 வராது. அப்போதும் முதல் வீட்டுச் சலுகை திரும்பக் கிடைக்காது. 10,000 கட்டியே ஆக வேண்டும். யாழ்ப்பாணப் பங்கின் இன்றைய மதிப்புக்கு அங்குள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, உங்கள் சொலிசிட்டரிடம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.