பியாட்ரிக்ஸ் பாட்டர்: கேட்டவையும் பதில்களும்

கே: இங்கிலாந்தின் குழந்தைக் கதை எழுத்தாளரும் ஓவியருமான பாட்டரின் முதல் புத்தகத்தைப் பதிப்பகங்கள் ஏன் திருப்பி அனுப்பின?

ப: வடிவம்தான் தகராறு. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த தன் முன்னாள் ஆசிரியையின் மகன், ஐந்து வயது நோயலுக்கு 1893 செப்டம்பர் 4 அன்று எழுதிய படக் கடிதம்தான் அந்தப் புத்தகத்தின், அதாவது பீட்டர் என்ற முயலின் கதையின், மூலம். பின்னாளில் அந்தக் கடிதத்தை இரவல் வாங்கி, கதையை நீட்டி எழுதினார். குழந்தையின் கைக்கு அடங்கும் அளவு, குறைந்த விலை, இந்த இரண்டையும் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அடித்தார். முகப்புப் படம் மட்டும் வண்ணம், உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்கள். படங்களுக்கு வண்ணம் தீட்டித்தர அவர் சம்மதித்த பிறகு, 1902 அக்டோபரில் பிரெடெரிக் வார்ன் நிறுவனம் அதை வெளியிட்டது. சின்ன அளவு அப்படியே நின்றது.

கே: மற்ற விலங்குக் கதைகளில் இல்லாதது இவரிடம் என்ன?

ப: உடுப்பு. அவர் வெறும் அழகுக்காக அதை மாட்டிவிடவில்லை. தோட்டத்தில் துரத்தப்படும் பீட்டருக்கு இரண்டு செருப்பும் கழன்றதும் நாலு காலில் ஓடுகிறான், வேகம் கூடுகிறது. அடுத்து, நீலச் சட்டையின் பெரிய பொத்தான்கள் கூஸ்பெர்ரி வலையில் மாட்டிக்கொள்கின்றன. சட்டையை உதறினால்தான் உயிர் தப்பும். உடுப்பு போகப்போக பையன் மறைந்து, நிஜ முயல் வெளியே வருகிறது. கதையை நகர்த்துவதே அந்தப் பொத்தான்தான். வளர்ப்பு முயல்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த கை என்பதால், சட்டைக்குள்ளும் எலும்பு சரியான இடத்தில் இருக்கும். எழுதுகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

கே: காளான் ஆராய்ச்சி செய்தாராமே?

ப: ஆமாம். காளான் வித்துகள் முளைப்பது பற்றிய அவருடைய கட்டுரை 1897இல் லண்டனில் இயற்கை அறிவியலாளர்களின் அமைப்பான லின்னியன் சங்கத்துக்குப் போனது. பெண்களுக்கு அங்கே இடமில்லாததால் காளான் ஆய்வாளர் ஜார்ஜ் மாஸ்ஸி அதை முன்வைத்தார். அச்சாகவில்லை.

கே: விற்பனையில் சறுக்கல்கள் உண்டா?

ப: இரண்டு சொல்லலாம். பீட்டர் கதைக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை பதிவாகவில்லை. அனுமதியில்லாப் பதிப்புகள் பெருகின, அவற்றிலிருந்து அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 1903இல் பீட்டர் பொம்மைக்கு முந்திக்கொண்டு காப்புரிமை பதிந்துவிட்டார், அது நல்ல வேலை. இரண்டாவது, 1906இல் மிகச் சிறிய குழந்தைகளுக்காக மடித்து விரிக்கும் நீளத் தாளாக வந்த கதைகள். கடையில் ஆளாளுக்கு விரித்துப் பார்த்தால் திரும்ப மடிப்பது பெரும்பாடு. கடைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள். பிறகு அவை சாதாரணப் புத்தகமாகவே வந்தன.

கே: பிற்காலத்தில் ஏன் எழுத்து குறைந்தது?

ப: 1905இல் வட இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். அவரை மணக்கவிருந்த, வார்ன் பதிப்பகக் குடும்பத்து நார்மன் வார்ன் அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்துபோனார். 1913இல் வில்லியம் ஹீலிஸை மணந்தபின் பண்ணையே முழு வேலையானது, கண்பார்வையும் மங்கியது. அந்த வட்டார இனமான ஹெர்ட்விக் செம்மறி ஆடு வளர்ப்பில் பெயர் பெற்றவர். 1943இல் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் இயற்கையையும் பழைய இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்கு எழுதிவைத்தார். அந்த நிலங்களில் ஹெர்ட்விக் ஆடுகளே மேய வேண்டும் என்பது அவருடைய விருப்பம்.