ஸ்கேன் தப்பினால்தான் ஈமான் நிற்குமா?

கேள்வி: கருவறைகளில் உள்ளதை அல்லாஹ் அறிகிறான் என்கிறது குர்ஆன் (31:34). அவன் மட்டுமே அறிவான் என்றுதான் பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டு வளர்ந்தோம். இன்று ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடுகிறதே? உஸ்தாத் (மார்க்க ஆசிரியர்) ஒருவரிடம் கேட்டேன். 'ஸ்கேன் பல நேரம் தப்பாகச் சொல்லும்' என்றார். கல்லூரியில் படிக்கும் மகன் சிரிக்கிறான்.
- ஒரு வாசகர், தேங்காப்பட்டணம்

பதில்: மகன் சிரித்தது குர்ஆனைப் பார்த்தா, அந்தப் பதிலைப் பார்த்தா? எனக்கென்னவோ பதிலைப் பார்த்துத்தான் என்று படுகிறது. ஸ்கேன் தப்பும்வரைதான் வசனம் நிற்கும் என்றால், இயந்திரம் தேறத் தேற ஈமான் (இறைநம்பிக்கை) தேயும். இப்போது தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டிஎன்ஏவை வைத்துப் பத்தாவது வாரம் வாக்கிலேயே சொல்லிவிட முடிகிறது. நம் நாட்டில் சொல்லாததற்குக் காரணம் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். பெண் என்று தெரிந்தால் கலைத்துவிடுகிறார்கள் என்பதால் வந்த தடை அது. நாகர்கோவில் ஸ்கேன் சென்டர்களில் அந்த போர்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சரி, வசனத்தை நிதானமாக ஓதிப் பாருங்கள். கியாமத்தின் (இறுதிநாளின்) அறிவு அவனிடம் இருக்கிறது. மழையை அவன் இறக்குகிறான். கருவறைகளில் உள்ளதை அறிகிறான். நாளை எதைச் சம்பாதிப்போம், எந்த மண்ணில் சாவோம் என்பதை மட்டும் 'எந்த உயிரும் அறியாது' என்கிறது. ஐந்தையும் சேர்த்து 'அல்லாஹ்வைத் தவிர யாரும் அறியார்' என்பது புகாரி தொகுப்பில் வரும் ஹதீஸ் (நபிமொழி). அதையும் மழுப்ப வேண்டாம். 1373-இல் இறந்த அறிஞர் இப்னு கஸீர் தம் குர்ஆன் விரிவுரையில் இதைத் தொடுகிறார். அல்லாஹ் எதைப் படைக்க நாடுகிறான் என்பது யாருக்கும் தெரியாது. ஆண் அல்லது பெண் என்று கட்டளையிட்ட பிறகு, பொறுப்பான மலக்குகளும் (வானவர்களும்) அவன் நாடியவர்களும் அறிவார்கள் என்கிறார். விஞ்ஞானத்துக்குப் பயந்து நேற்று ஒட்டுப்போட்ட விளக்கம் இல்லை இது. ஸ்கேனுக்கு அறுநூறு வருடம் முந்தியது. மகன் ஏற்கிறானோ இல்லையோ, சிரிக்க மாட்டான்.

மழையிலும் இதே கோளாறுதான். வானிலை அறிக்கையை நம்புவதே ஈமானுக்குக் குறை என்று ஒருவர் பேசக் கேட்டிருக்கிறேன். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் நின்ற மீனவர்களின் வீடுகள் தூத்தூரிலும் வள்ளவிளையிலும் இருக்கின்றன. எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லையே என்றுதான் அந்த வீடுகளில் இன்றும் அழுகிறார்கள். அவர் அங்கே போய் ஒருமுறை அதைப் பேசிவிட்டு வரட்டும்.