ரியாக்ட்டுக்கு மாறட்டுமா என்று கேட்ட தங்கைக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சென்னையில் ஏழு வருடம் ஆங்குலர் டெவலப்பர் (ஆங்குலர், ரியாக்ட் இரண்டும் இணையச் செயலியின் திரைகளைக் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க், அதாவது ஆயத்தச் சட்டகம்). கணவரின் புளூ கார்டு (படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி) வழியாக ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் வந்து ஐந்து மாதம் ஆகிறது. அறுபது விண்ணப்பம் போட்டதில் இரண்டு பேர்தான் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாரும் ரியாக்ட் படி என்கிறார்கள். மாறட்டுமா அக்கா?

இப்போதைக்கு மாறாதீர்கள். பெர்லினில் சின்ன ஸ்டார்ட்அப்களைக் குறிவைத்தால் நானே ரியாக்ட் என்றுதான் சொல்லியிருப்பேன். நீங்கள் இருக்கும் ஊர் வேறு மாதிரி. இங்கே கார் கம்பெனிகள், இயந்திரம் செய்பவர்கள், காப்பீட்டு நிறுவனங்கள். பின்னால் சர்வரில் ஜாவாவும் அதன் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டும், முன்னால் திரையில் ஆங்குலர் என்ற ஜோடியை நான் இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ரவுட்டிங் (பக்கம் விட்டுப் பக்கம் போவது), ஃபார்ம் எல்லாம் ஒரே பெட்டியில் வருவதும், ஆங்குலர் எழுதும் டைப்ஸ்கிரிப்ட் மொழி ஜாவாக்காரர்களுக்குப் பழகிய வீடு மாதிரி இருப்பதும் அவர்களுக்குப் பிடித்துப்போனது. ஏழு வருட அனுபவத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று மாத ரியாக்ட்டோடு போய் நின்றால், புதுசாகப் படித்து முடித்த பிள்ளைகளோடுதான் போட்டி போட வேண்டியிருக்கும்.

நான் 2012-இல் இங்கே வந்தவள். அப்போது ஆங்குலரின் முதல் வடிவமான ஆங்குலர்ஜேஎஸ்தான். 2016 செப்டம்பரில் ஆங்குலர் 2 வந்தபோது பெயர் மட்டும்தான் மிச்சம், உள்ளே எல்லாமே புதிது. நிபுணர் என்று சொல்லிக்கொண்டிருந்த நாங்கள் மறுபடி அ, ஆ-விலிருந்து தொடங்கினோம். ஜாவாஸ்கிரிப்ட்டையும், பிரவுசர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஓரளவு படித்து வைத்திருந்ததால் பிழைத்தேன். பழையதற்கு 2021 முடிவோடு ஆதரவும் நின்றுபோனது.

சில வருடங்களாக நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கமும் உட்கார்கிறேன். வேலை விளம்பரத்தில் ஃபிரேம்வொர்க் பெயரைப் போடுவோம், நேரில் வந்தவரிடம் அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டுவோம். நான் வழக்கமாகக் கொடுப்பது ஒரு சின்ன காம்பொனன்ட், அதாவது திரையின் ஒரு துண்டு. அந்தத் திரைக்குப் பத்து முறை போய்வந்தால் பக்கம் மெதுவாகிவிடும். ஏன்? புதுத் தரவு வரும்போதெல்லாம் சொல் என்று சப்ஸ்கிரைப் செய்ததை யாரும் விடுவிக்கவில்லை, அவ்வளவுதான். தானாக விடுவித்துவிடும் ஏசிங்க் பைப் போடலாம், ஆங்குலர் 16-இலிருந்து அதே வேலைக்கு takeUntilDestroyed என்பதும் இருக்கிறது. ஆறு வருட அனுபவம் என்று வந்தவர்களில் சிலர் இதில் தடுமாறுகிறார்கள். டெம்ப்ளேட்டை நகலெடுத்து, டிக்கெட்டை (கொடுத்த வேலையை) மூடி, அடுத்த டிக்கெட்டுக்குப் போயே பழகியவர்கள். குறை சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன்.

இன்னொன்று, பதிப்புகள். ஆங்குலர் ஆறு மாதத்துக்கு ஒன்று விடுகிறது. சிக்னல்ஸ், ஸ்டாண்டலோன் காம்பொனன்ட் போன்ற புதிய வசதிகள், 17-இல் வந்த புதிய இஃப், ஃபார் எழுத்துமுறை எல்லாம் தெரிந்திருக்கட்டும். ஆனால் பெரிய கம்பெனிகளின் நிரல் பெரும்பாலும் நாலைந்து பதிப்பு பின்தங்கித்தான் கிடக்கும். 12-இலிருந்து 18-க்கு ஒரு பெரிய செயலியைப் படிப்படியாக ஏற்றிய அனுபவம் உண்டா? இருந்தால் அதைச் சி.வி.யின் மேலேயே போடுங்கள். புதிதாகக் கட்டத் தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், பழையதை உடையாமல் நகர்த்தத் தெரிந்தவர்கள் குறைவு.

இன்னொரு விஷயம் இங்கே நன்றாக எடுபடும். 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய அணுகல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இணையக் கடை, வங்கிச் சேவை போன்றவற்றை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிய வேண்டும். மவுஸைத் தொடாமல் கீபோர்டை மட்டும் வைத்து ஒரு ஃபார்மை நிரப்பிப் பாருங்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக் கேளுங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்தால் பேசும் அளவுக்கு வந்துவிடும்.

சி.வி.யைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர் வழக்கப்படி "பன்னிரண்டு பேர் குழுவில் பணியாற்றினோம்" என்று எழுதியிருப்பீர்கள். இங்கே முதலில் வரும் கேள்வி, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்? "நான்" என்று சொல்ல நமக்குக் கூச்சம். என் முதல் நேர்காணலில் "நாங்கள்", "நாங்கள்" என்றே பேசிவிட்டு, இவள் எதுவுமே தனியாகச் செய்ததில்லை போலிருக்கிறது என்ற முடிவோடு அனுப்பப்பட்டேன்.

ஐந்து மாதம் நீளம் என்று தோன்றும். ஆனால் இவர்கள் ஆள் எடுப்பதே நிதானமாகத்தான். ஆறு மாதம் ப்ரோபெட்ஸைட், அதாவது சோதனைக்காலம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் பிரிந்துவிடலாம். அதைத் தாண்டிவிட்டால் சின்ன நிறுவனங்களைத் தவிர மற்ற இடங்களில் ஆளை அனுப்புவது லேசில்லை. அதனால் வாசலிலேயே யோசிக்கிறார்கள்.

ஜெர்மன் வேண்டுமா? நிரல் எழுத அது தேவையில்லை. ஆனால் இந்த ஊர்க் கம்பெனிகளில் காப்பீட்டுத் துறைக்காரர் வந்து தேவையை விளக்குவது ஜெர்மனில்தான். ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில் (பெரியவர்களுக்கான பொதுக் கல்வி மையம்) பி1, அதாவது இடைநிலை ஜெர்மன் வகுப்பில் சேருங்கள். படித்துக்கொண்டிருக்கிறேன் என்று கவர் லெட்டரில் ஒரு வரி ஜெர்மனில் எழுதினாலே பார்வை மாறும். கணவரின் புளூ கார்டுக்கும் அது உதவும்: பி1 இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27. அது அவர் எழுத வேண்டிய தேர்வு, அவரையும் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக, அர்பைட்ஸ்ட்ஸோய்க்னிஸ். விட்டுப்போகிறவருக்குக் கம்பெனி கொடுக்கும் பணிச்சான்று. அதில் "முழுமையான திருப்தி", "திருப்தி" என்பதெல்லாம் மார்க் மாதிரி. வெறும் "திருப்தி" என்று இருந்தால் சுமார் என்று அர்த்தம். சென்னையில் உங்களுக்குக் கொடுத்தது சேர்ந்த தேதி, விலகிய தேதி போட்ட ஒரு பக்கக் கடிதமாக இருக்கும். பழைய மேனேஜரிடம் சொல்லி, என்ன செயலி, எதற்கு நீங்கள் பொறுப்பு, எவ்வளவு நன்றாகச் செய்தீர்கள் என்று விவரமாக ஒன்று எழுதி வாங்குங்கள். அவரும் வேலை மாறிப் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.