கண் பிரஷருக்கு ஆபரேஷன் செய்தும் மறுபடி பிரஷர் ஏறிவிட்டது, இனி என்ன வழி?

நான் டாக்டர் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் அப்பாவோடு கண் ஆஸ்பத்திரி வராண்டாக்களில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு வலது கண்ணில் டிராபெகுலெக்டமி செய்திருந்தார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற மேல் இமைக்கடியில் ஒரு சின்ன வழி. ஒன்றரை வருஷம் 14, 15 என்று நின்ற பிரஷர் ஒருநாள் 32. (10 முதல் 21 வரை இருந்தால் சாதாரணம் என்பார்கள்.) டாக்டரின் கைப்பிழை என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்படியில்லை. உடம்புக்கு அந்த வழியும் ஒரு புண்தான், ஆற்றத்தான் பார்க்கும். தழும்பு கட்டி அடைத்துவிட்டது. அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஒட்டுப்பாலை இழுக்காம பால் சிரட்டைக்கு வருமா மக்ளே?" என்றார். (வெட்டிய தடத்தில் உறைந்து ஒட்டியிருக்கும் பால்தான் ஒட்டுப்பால்.)

அடைப்புக்கு முதலில் செய்ததும் ஏறக்குறைய அதுதான். ஊசியால் தழும்பை விடுவித்து, திரும்ப ஒட்டாமலிருக்க மருந்து செலுத்தினார்கள். இரண்டு மாதம் தாங்கியது. அடுத்தது டியூப், கண்ணுக்குள் ஊறும் நீரை வடிக்க வைக்கும் சின்னக் குழாய். மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரிக்கும் 'ஆடி' (AADI). வெளிநாட்டு டியூபைவிட விலை வெகு குறைவு. டியூபை மூட, யாரோ தானம் செய்த கண்ணிலிருந்து ஒரு துண்டு. அந்த முகம் தெரியாத ஆளுக்காக அம்மா இன்னும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள்.

எங்களைப் படுத்தியது அதற்குப் பிந்தைய ஆறு வாரம். இந்த டியூபில் வால்வு கிடையாது. அப்படியே விட்டால் நீர் அளவுக்கு மீறி வடிந்துவிடும் என்று, தானாகக் கரையும் நூலால் கட்டிவிடுகிறார்கள். அது கரைய ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை பிரஷர் ஏறித்தான் இருக்கலாம். முன்பே சொல்லியிருந்தார்கள், மண்டையில் ஏறவில்லை. மூன்றாம் வாரம் 28 என்றதும் திரும்பி வரும் பஸ்ஸில் அழுதுவிட்டேன். சொட்டு மருந்தை மட்டும் நிறுத்தவில்லை. ஆறாம் வாரம் ஒரு காலையில் கண் மங்குகிறது என்றார். ஓடினோம். பிரஷர் 6. நூல் விட்டிருந்தது. கொஞ்ச நாளில் 13-க்கு வந்து நின்றது, ஒரு சொட்டு மருந்தோடு.

ஆகவே உங்களுக்கு வைக்கப்போவது வால்வு உள்ளதா இல்லாததா என்று முதலிலேயே கேளுங்கள். திடீரென மங்கினாலோ வலித்தாலோ அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். டியூப் சரிப்படாத கண்ணுக்கு, நீர் ஊறுவதையே குறைக்கும் லேசரும் இருக்கிறது.

போன ஓரப்பார்வை திரும்பவில்லை. அப்பா இருட்டோடு வெட்டப் போவதை விட்டுவிட்டார். விடிந்தபின் ரப்பர் ஷீட் அடிக்கிறார்.