குவாம் தீவுப் பாம்பும் பவளப்பாறையும்: கேட்டதும் சொன்னதும்

ரெண்டு வருஷம் குவாம்ல பவளப்பாறை ஆராய்ச்சிக் குழு ஒண்ணுல உதவியாளா இருந்துட்டு காரைக்குடி திரும்புனதுல இருந்து, கல்யாண வீட்டு பந்தில உக்காந்தாக்கூட அந்தத் தீவுப் பறவைகளத் தின்னு தீத்த பாம்போட கதையத்தான் கேக்குறாக. சரி, எல்லாத்துக்கும் ஒரேடியா சொல்லிர்றேன். குவாம்ங்கிறது பசிபிக் கடல்ல பிலிப்பைன்ஸுக்குக் கிழக்க இருக்க அமெரிக்கத் தீவு, சுமார் 540 சதுர கிலோமீட்டர், நம்ம சிவகங்கை மாவட்டத்துல ஏழுல ஒரு பங்குகூட வராது.

தேவகோட்டை ஆச்சி ஒருத்தவுக: அந்தப் பாம்பு அங்க எப்படி தம்பி போச்சு? கடிச்சா ஆளு தங்குமா?

தானா போகல ஆச்சி, நம்மாளுகதான் ஏத்திட்டுப் போயிருக்காக. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் பப்புவா நியூ கினி பக்கம் மானுஸ் தீவுல கெடந்த ராணுவ சாமானையெல்லாம் கப்பல்ல குவாமுக்கு அள்ளிட்டு வந்தாக, அதுக்குள்ள சுருண்டு கெடந்து வந்ததுதான் இந்தப் பழுப்பு மரப்பாம்பு, நம்ம ஊரு பூனைப்பாம்புக்குப் பங்காளி. ராத்திரில மரமேறி முட்டை, குஞ்சு, தாய்ப்பறவைனு எதையும் விடாது. அந்தத் தீவுப் பறவைகளுக்கு மரமேறுற பாம்புன்னா என்னன்னே தெரியாது, கூடு தேடி வந்தா பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கும். காட்டுல இருந்த 12 வகைல 10 வகை தீவை விட்டே போயிருச்சு. இதுல கொடுமை என்னன்னா ரொம்ப நாளா பாம்புதான் காரணம்னு யாரும் நம்பல, பூச்சிமருந்துன்னாக, நோய்ன்னாக, ஜூலி சாவிட்ஜ்னு ஒரு அம்மா அதையெல்லாம் ஒண்ணொண்ணா சோதிச்சுத் தள்ளிட்டு 1987ல பாம்புதான்னு கட்டுரை போட்டாக. அதுக்குள்ள காடு காலி.

கடி பெரியாளுகளுக்கு வீக்கத்தோட போயிரும், விஷப்பல்லு வாயோட பின்பக்கம் இருக்கதால மென்னு மென்னுதான் எறக்கணும். தொட்டில் புள்ளைகளுக்குத்தான் ஆபத்து, மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரி போயிருக்காக.

காரைக்குடி காலேஜ் தம்பி: பறவை போனா போகுது, காட்டுக்கு என்னண்ணே?

நானும் மொத அப்படித்தான் நெனச்சேன். மொத நாள் காட்டுக்குள்ள போறப்ப கூட வந்தவரு என் கைல ஒரு நீளக் குச்சியக் குடுத்தாரு, பாம்புக்கான்னு கேட்டா இல்ல, சிலந்திவலைக்காம். முன்னாடி போறவன் குச்சிய ஆட்டிக்கிட்டே போகணும், ரெண்டு எட்டு விட்டாப்போதும் மூஞ்சி முழுக்க பிசுபிசுன்னு ஒட்டிக்கும். பறவை இல்லாததால மழைக்காலத்துல பக்கத்துத் தீவுகளைவிட 40 மடங்கு வரைக்கும் சிலந்தி அதிகம்னு 2012ல கணக்கெடுத்துருக்காக. அதைவிட எனக்கு ஒதறல் எடுத்தது விடியக்காலைதான். கொள்ளுக்குடிப்பட்டி வேட்டங்குடி கம்மாய்ப் பக்கம் விடிஞ்சா என்ன எரைச்சல்னு தெரியும்ல, பறவை மிரண்டுரும்னு தீவாளிக்கு வெடிகூட போடாத ஊரு. அங்க விடியுது, வெளிச்சம் வருது, சத்தம் மட்டும் இல்ல. டிவில சத்தத்த அமுக்கி வச்ச மாதிரி.

பழந்தின்னுட்டு கொட்டைய வேற எடத்துல போட ஆளில்லாம எல்லாக் கொட்டையும் தாய்மரத்துக்கடியிலயே விழுந்து கெடக்கு. சில மரங்களோட புதுக்கன்னு 92 சதவீதம் வரைக்கும் கொறையலாம்னு 2017ல சொன்னாக.

கண்டனூர் அண்ணன்: கரண்ட்டு கட்டாவுதாமே பாம்பால?

ஆமாண்ணே, ட்ரான்ஸ்ஃபார்மர்ல ஏறி தானும் கருகி ஊரையும் இருட்டாக்கிரும். ஒரு வருஷத்துக்கு 200 தடவகூட ஆயிருக்கு. போஸ்ட்டுக்கு வழவழன்னு தகரம் சுத்துனாலும் ஏறும், ஒடம்ப சுருக்குக்கயிறு மாதிரி கம்பத்தச் சுத்தி மாட்டி, முடிச்ச கொஞ்சங்கொஞ்சமா நகத்தி ஏறுதுன்னு 2021லதான் கண்டுபிடிச்சாக. நம்ம பனையேறி மாதிரின்னு வச்சுக்கங்க.

இன்னொரு அண்ணன்: நாலு கீரிப்புள்ளைய விட்டா சோலி முடிஞ்சுச்சு, இதுக்கு ஆராய்ச்சி வேற!

அய்யய்யோ. ஹவாய்ல 1883ல எலிக்குன்னு கரும்புக்காட்டுல கீரிய விட்டாக, எலி ராத்திரி சுத்தும் கீரி பகல்ல சுத்தும், ரெண்டும் பாத்துக்கவே இல்ல, கீரி தரைல கூடு கட்டுற பறவை முட்டையத் தின்னு கொழுத்துச்சு. பாம்பும் ராத்திரிச் சரக்குதான்.

பள்ளத்தூர் மாப்ள: அப்ப எதுலதான் சாகும்?

பாராசிட்டமால்ல. நெசமா. 80 மில்லிகிராம் போதும், நம்ம 650 மாத்திரைல எட்டுல ஒரு பங்கு, பாம்போட ரத்தம் ஆக்ஸிஜன் சொமக்க முடியாமப் போயிரும். செத்த சுண்டெலிக்குள்ள மாத்திரைய வச்சு, ஒரு காகித நாடா கட்டி ஹெலிகாப்டர்ல இருந்து போடுவாக, நாடா மரக்கெளைல சிக்கி எலி அந்தரத்துல தொங்கும், தரைல விழுந்தா நண்டு தின்னுரும்ல அதுக்குத்தான். 2013 டிசம்பர்ல விமானப்படைத் தளத்துக்கு மேல 2,000 எலி போட்டாக. முழுசா ஒழிஞ்சிருச்சான்னா இல்ல. துறைமுகத்துலயும் ஏர்போர்ட்லயும் மோப்ப நாய் வச்சு ஒவ்வொரு பொட்டியா பாத்துத்தான் அனுப்புறாக, ஹவாய்க்குப் போயிறக்கூடாதுன்னு. என்னையக் கேட்டா எலிய விட அந்த நாய்க்குத்தான் சம்பளம் கூட்டணும்.

புதுவயல் தங்கச்சி: நம்ம இருளர்களக் கூட்டிட்டுப் போகலாமே?

ஃப்ளோரிடாவுக்கு 2017ல போனாகளே, மாசி சடையனும் வடிவேல் கோபாலும், ரெண்டு வாரத்துக்குள்ளயே 13 மலைப்பாம்பு புடிச்சாக, 2023ல பத்மஸ்ரீயும் வாங்குனாக. ஆனா அது தரைல தடம் விட்டுப் போற பெரிய உருப்படி. இது மரத்து மேல, இருட்டுல, விரல் தண்டி.

தொண்டில கடல் படிக்கிற தம்பி: பாம்புக்கும் பவளப்பாறைக்கும் என்ன சம்பந்தம்ணே? நீங்க பாறைக்குத்தான போனீங்க?

நல்ல கேள்வி, இதத்தான் யாரும் கேக்கல. பாம்பு பாறையத் தின்னல. குவாம் பாறைக்கு மொத எதிரி கடல் சூடு, 2013ல இருந்து 2017க்குள்ள பல தடவ சூடு தாங்காம பவளம் நெறம் போயி வெளுத்துச்சு. அடுத்தது தெற்க மலைல மான் வேட்டைக்குன்னு வைக்கிற தீ, அந்த மானும் ஸ்பெயின்காரவுக கொண்டாந்து விட்டதுதான், புல்லு எரிஞ்சதும் மழைல செம்மண்ணு கரைஞ்சு பாறை மேல போர்வை மாதிரி படியும். நான் முக்குளிச்சப்ப கையால லேசா வீசுனேன், அடில உயிரோட இருந்த பவளத்தோட நெறம் தெரிஞ்சுச்சு, எண்ணி அஞ்சு நிமிஷத்துல திரும்ப மூடிருச்சு.

ஆனா பறவைக்கும் பாறைக்கும் தொடர்பு உண்டு. இந்தியப் பெருங்கடல்ல சாகோஸ் தீவுகள்ல பாத்தாக: எலி ஏறாத தீவுல கடல்பறவை 760 மடங்கு அதிகம், அதோட எச்சம் மழைல கரைஞ்சு பாறைக்குப் போகுது, அந்தப் பாறைல மீன் எடை 48 சதவீதம் கூட. 2018ல வந்த ஆய்வு. தீவுல ஏறுன ஒரு எலி கடல்ல மீனக் கொறைக்குது பாத்துக்க.

நம்ம மன்னார் வளைகுடாலயும் இதே கதைதான். வளக்கக் கொண்டாந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பாறைல ஏறி பவளத்த மூடிருச்சு, கையால பிச்சு எடுத்தாலும் துண்டு கெடந்தா மறுபடி வளருது. கரைல சீமைக்கருவேலம், கடல்ல இது.

கோட்டையூர் அக்கா: போன பறவை ஒண்ணாவது திரும்புமா?

கோக்கோனு பறக்காத ஒரு பறவை, கூண்டுல வளத்து குவாம் பக்கத்துல பாம்பில்லாத ரோட்டா, கோக்கோஸ் தீவுகள்ல விட்டாக. காட்டுல அழிஞ்சதுங்கிற பட்டியல்ல இருந்து 2019ல வெளிய வந்துருச்சு. சிஹெக்னு ஒரு மீன்கொத்தி, 1988ல இருந்து மிருகக்காட்சி சாலைல மட்டும் இருந்தது, 2024ல ஒம்பது குஞ்சுகள பசிபிக்லயே தூரத்துல இருக்க பால்மைரா தீவுல விட்டுருக்காக. சொந்த ஊருக்கு மட்டும் இன்னும் வரமுடியல.

மறுபடி பள்ளத்தூர் மாப்ள: செட்டிநாட்டு மசாலா போட்டு அந்தப் பாம்ப வறுத்தா?

ரெண்டு மீட்டர் நீளம், தண்டி கைவிரல் அளவு, உள்ள முழுக்க முள்ளு. மசாலா வீண் மாப்ள, கோழிக்கே வச்சுக்க.