ஊருணியைப் படம் எடுத்தேன், போனைக் கேட்கிறார்கள்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஓர் ஊரில் பலகாரம் செய்து விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். எங்கள் ஊருணியில் சாக்கடை கலப்பதை வீடியோ எடுத்து, ‘புண்ணிய தீர்த்தம், பாட்டிலில் பிடித்துப் போங்கள்’ என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். கீழே, ஊர்ப் பிரமுகர் ஒருவர் கமிஷன் வாங்கிக்கொண்டு கண்டுகொள்ளாமல் இருக்கிறார் என்றும் எழுதிவிட்டேன். நான் அட்மினாக இருக்கும் குரூப்பில் வேறொருவர் அவரைத் திட்டி வாய்ஸ் போட்டிருக்கிறார். இப்போது ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, ‘பதிவை அழி, போனோடு வந்து லாக்கைத் திறந்து காட்டு, இல்லாவிட்டால் 66ஏ’ என்கிறார்கள். என் பேச்சை ஒட்டுக் கேட்கிறார்களோ என்றும் பயம். என்ன செய்வது?

பதில்: ஆச்சி, இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டனை என்ற அந்த 66ஏ செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அடியோடு ரத்து செய்தது. அதற்குப் பிறகும் சில ஸ்டேஷன்களில் அதை வைத்து வழக்குப் போட்டதால், 2022 அக்டோபரில் மறுபடியும் கண்டித்து, இதன்கீழ் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஆக, அந்த மிரட்டலுக்கு உயிர் இல்லை.

இனி உயிருள்ளவற்றைப் பார்ப்போம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353, அதாவது வதந்தி பரப்பியதாகச் சொல்லும் பிரிவு, உங்கள்மீது பாயலாம். 3 வருஷம் வரை தண்டனை. ஆனால் 2025 மார்ச் 28 அன்று இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட 3 வருஷம் முதல் 7 வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், எஃப்.ஐ.ஆர். போடுமுன் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை செய்வதே சரி என்றது. எழுத்தைத் தைரியமுள்ள மனிதரின் அளவுகோலால் பார்க்க வேண்டும், எதற்கும் பதறுகிறவரின் அளவுகோலால் அல்ல என்றும் சொன்னது.

உங்கள் ‘புண்ணிய தீர்த்தம்’ கிண்டல்தான், வதந்தி இல்லை. சிறுமலைக்குச் சுற்றுலா போன ஒருவர் ‘துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம்’ என்று போட்டோவோடு ஃபேஸ்புக்கில் போட, வாடிப்பட்டி போலீஸ் அதை யுத்த ஏற்பாடாக எடுத்துக்கொண்டு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் அதை ரத்து செய்தது. நம் பக்கத்து நகைச்சுவையை நம் பக்கத்து கோர்ட்டே காப்பாற்றியிருக்கிறது.

கமிஷன் விஷயம் அப்படி இல்லை. கண்ணால் கண்ட சாக்கடையும், யாரோ சொன்ன கமிஷனும் ஒன்றாகாது. கையில் ஆதாரம் இருந்து, பொதுநலனுக்காகச் சொன்னது என்று காட்ட முடிந்தால் அவதூறுக்கு விதிவிலக்கு உண்டு. ஆதாரம் இல்லையென்றால் அந்த ஒரு வரி உங்களை இழுக்கும். ஆனாலும் அவதூறு என்பது அந்தப் பிரமுகரே மாஜிஸ்திரேட்டிடம் போய்ப் புகார் கொடுக்க வேண்டிய வழக்கு. போலீஸ் தானாக எடுத்து விசாரிக்க முடியாது.

பதிவை அழிக்கச் சொல்லிப் போனில் சொன்னால் அழிக்கக் கடமை இல்லை. இப்போது போனில் எதையும் துடைக்கவும் வேண்டாம். நாளை சாட்சியத்தை அழித்ததாகப் புதிதாக ஒரு பிரிவு சேரும். பதிவின் ஸ்கிரீன்ஷாட், மூல வீடியோ இரண்டையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போவது பற்றி. ஏட்டு அழைத்தார் என்பதற்காக ஓட வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். எந்தப் புகார், எஃப்.ஐ.ஆரா, புகார் வாங்கியதற்குத் தரும் ரசீதான சி.எஸ்.ஆரா, எண் என்ன, எந்தப் பிரிவில் சம்மன் என்று கேளுங்கள். சாட்சியாகக் கூப்பிட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (பி.என்.எஸ்.எஸ்.) 179-இன்படி ஒரு பெண்ணை அவர் வசிக்கும் இடத்துக்கு வெளியே வரச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். நீங்களே விரும்பினால் போகலாம். குற்றம் சாட்டப்பட்டவர் என்றால், விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் அதே சட்டத்தின் 35(3)-இன்படி வர வேண்டும். அதை முறைப்படி நேரில் கொடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. ஆனால் ஒழுங்காக வந்த நோட்டீஸை மதித்துப் போயே ஆக வேண்டும், போகாவிட்டால் கைதுக்கு நீங்களே வழி விட்டதாகும்.

லாக் விஷயத்தில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-இல் கடவுச்சொல் கொடுப்பது தனக்கெதிராகச் சாட்சி சொல்வதாகாது என்றது. ஆனால் போனைத் தேட சாதாரணமாக வாரண்ட் வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் 2022-இல் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஆனால் எழுத்தில் ஒன்றுமில்லாமல், கவுண்டரில் நின்றபடி ‘கொண்டா பார்ப்போம்’ என்பதற்கு எந்தத் தீர்ப்பும் துணை நிற்காது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றதே, அது உங்கள் பலகாரக் கடைப் போனுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியும் கைப்பற்றினால் தடுத்து நிற்காதீர்கள். கைப்பற்றியதற்கு அவர்கள் எழுதும் மகசரில், போனின் அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண், போன் எந்த நிலையில் இருந்தது என்பதை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். அதே நடைமுறைச் சட்டம் 105-இன்படி, கைப்பற்றியதை வீடியோ எடுத்தார்களா என்று கேளுங்கள். பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போனைத் திருப்பித் தரக் கேட்டு மனுப் போடலாம். தீபாவளி முறுக்கு ஆர்டர் எல்லாம் அதில்தான் இருக்கிறது என்பது கோர்ட் காதில் போட வேண்டிய நல்ல காரணம்.

அந்த வாய்ஸ் மெசேஜுக்காக உங்களைப் பிடிக்க முடியாது. கரூர் வக்கீல்களின் குரூப் வழக்கில், அட்மின் என்ற வேலையைத் தவிர வேறெதுவும் செய்யாதவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. வாய்ஸ் போட்டவரைக் கண்டித்து ஒரு வரி போட்டு அவரைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டால் இன்னும் நல்லது.

ஒட்டுக்கேட்பது? உள்துறைச் செயலாளர் மட்டத்தில் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும், பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருக்க வேண்டும். அந்தக் காரணம் இல்லாத ஓர் உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று ரத்து செய்திருக்கிறது. ஊருணிச் சாக்கடைக்கு அவ்வளவு தூரம் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த முறை போன் வந்தால் தேதி, நேரம், பேசியவர் பெயர் குறித்து வையுங்கள். பேப்பர் வந்தால் அன்றே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.